மாப் கணக்கு

ஜூன் 3
ஆபரேஷன் தியேட்டர் சாவி இனி என்னிடம். 31ஆம் தேதி சீனியர் நர்ஸ் அக்கா ஓய்வுபெற்றார், 2ஆம் தேதி நோயாளியாக அட்மிஷன். சாயங்காலம் வார்டுக்குப் போனால் முதல் கேள்வி, “இன்னைக்கு எத்தனை கேஸ்?” பயாப்ஸி பற்றிப் பேச்சே இல்லை.

ஜூன் 4
ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 6
எழுதாமல் தூக்கம் வராது. வயிற்றைத் திறந்த கேஸ். மாப் என்றால் வயிற்றுக்குள் ரத்தம் ஒற்றும் துணி. ஐந்து ஐந்தாக நாலு கட்டு, போர்டில் 20 மாப். மூடுவதற்கு முன் எண்ணினோம். “சரி” என்றேன். “சிஸ்டர், பத்தொன்பதுதான் இருக்கு” என்றாள் புதுப்பெண். “நான் எண்ணிட்டேம்மா.” பதினாலு வருஷ சர்வீஸ் அந்தக் குரலில் இருந்தது. அவள் போர்டைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

சர்ஜன் சார் தைக்கிற ஊசிக்குக் கையை நீட்டிவிட்டார். நான் கொடுக்கவில்லை. “இருங்க சார், இன்னொரு தடவை எண்ணணும்.” 19. ஈரலுக்கு அடியில் கைவிட்டு எடுத்தார். ரத்தத்தில் ஊறிவிட்டால் மாப்பும் குடலும் ஒரே நிறம். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக ஓடும் அந்த நீல இழை கடைசியில்தான் கண்ணில் பட்டது.

“நல்லவேளை சிஸ்டர், நீங்க இருந்தீங்க” என்றார். நான் தலையாட்டினேன். அவள் பக்கெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 7
இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 8
சுவரில் தொங்கும் செக்லிஸ்ட், உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்தது, 19 அம்சம். கத்தி வைக்குமுன் எல்லாரும் பேரும் வேலையும் சொல்லவேண்டும் என்று அதில் ஒரு வரி. சொல்லாமலே டிக் போடுகிறோம். சாருக்கு அவள் பேர் தெரியாது. “ஏம்மா” தான்.

வகுப்பில் சொன்ன டெனெரிஃப் விபத்து வேறு மண்டையில் ஓடுகிறது. 1977, இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் சாவு. ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கிறதோ என்று இன்ஜினியர் கேட்டார். இல்லை என்றார் கேப்டன், மற்ற பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். அந்த இன்ஜினியர் அப்புறம் பேசவில்லை.

எனக்கு அவர் முகம் தெரியாது. புதுப்பெண் முகம்தான் வருகிறது.

ஜூன் 9
அக்காவிடம் சொன்னேன். சேர்ந்த வருஷம் ஊசி ஒன்று குறைகிறது என்று நான் முனகினேன். “என்ன சொன்னே? சாருக்குக் கேக்குற மாதிரி சொல்லு” என்றவர் இவர்தான். அதைச் சொன்னால், “எனக்கு ஞாபகமில்லையே” என்கிறார். அப்புறம், “அந்தப் பொண்ணு வேளாவேளைக்குச் சாப்பிடுறாளா, பாரு.”

திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 10
பேர் சொல்லும் வரியை இன்று நிஜமாகவே செய்தோம். மயக்க டாக்டர் சிரித்தார். அவள் முணுமுணுத்தாள். “சத்தமா” என்றேன். அதே மூச்சில், “அன்னைக்கு மாப் குறையுதுன்னு கண்டுபிடிச்சது இவதான் சார்.”

“எந்த மாப்?” என்றார் சார்.

நாலு நாளாக நான் தூங்கவில்லை, இவருக்கு ஞாபகமே இல்லை! முழுசாகச் சொன்னேன், “நான்தான் சரின்னு சொன்னேன்” உட்பட. அவள் காது சிவந்துவிட்டது.

ஜூன் 11
ரிப்போர்ட் வந்துவிட்டதாம். நான் வராமல் அக்கா கவரைப் பிரிக்க விடமாட்டாராம். இங்கே இரண்டாவது கேஸ் இன்னும் மேஜையில்.