தின்ன முடியாத மாம்பழம்

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ். இடது கையில் ஊசி, வலது கை சும்மா. அதற்கு ஒரு வேலை வேண்டுமே என்றுதான் காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவால் கிறுக்க ஆரம்பித்தேன். யாரிடமும் கற்றதில்லை.

இப்போது வீட்டில் வாட்டர்கலர். எனக்குத்தான் தண்ணீர் அளவு, பிரஷ்ஷுக்கு இல்லை. டம்ளரில் அதைக் கலக்கும் சத்தத்தில் தாகம் குறைந்த மாதிரி இருக்கும். (பொய்தான், ஆனாலும்.)

கிருஷ்ணகிரிக்காரனுக்கு மாம்பழம் கூடாதாம்! அதில் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்கிறார் டாக்டர். சரி, வரைந்தாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மல்கோவா உருண்டை, சுலபம். கிளிமூக்கு பெங்களூராதான் படுத்தி எடுக்கிறது. அந்த மூக்கு வளைவும், பச்சை மஞ்சளாக மாறும் இடமும் ஏழு தடவை சொதப்பின.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1925-இல் பேருந்து விபத்தில் நொறுங்கி, படுக்கையில் கண்ணாடி பார்த்துத் தன் முகத்தை வரைந்தவர். எனக்கு அந்தத் தைரியமில்லை, முகம் வீங்கிக் கிடக்கிறது. மாம்பழமே போதும்.

நேற்று நர்ஸ் தங்கச்சி எட்டாவது படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இத நான் எடுத்துக்கட்டுமா?" என்றது. கொடுத்துவிட்டேன். அடுத்தது செந்தூரா.