காம்ப் தேர்வில் கேம்டன் யார்ட்ஸ்: செங்கல்லை விடுங்கள், செக்‌ஷன் போடுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். அப்பாடா! எப்படிப் படித்தேன் என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அர்பன் டிசைன் மாஸ்டர்ஸ் படிக்கிறவர்களுக்கு காம்ப் என்கிற ஒட்டுமொத்தத் தேர்வு எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நேராக கேஸ் ஸ்டடிக்கு வருகிறேன்.

நான் எடுத்தது பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ், 1992 ஏப்ரலில் திறந்த பேஸ்பால் மைதானம். பேட்சில் இன்னும் சிலரும் அதையே எடுத்தார்கள். எல்லோரும் செங்கல் வளைவு, பச்சை நாற்காலி, பழைய நினைவு என்று ஒரே பல்லவி. திருத்துகிறவர் எத்தனை முறைதான் அதைப் படிப்பார்?

நான் ஒரே ஒரு செக்‌ஷன் வரைந்தேன், அதாவது மைதானத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் படம். ஒரு கோடியில் பி அண்ட் ஓ ரயில்வேயின் பழைய சரக்குக் கிடங்கு. நீளம் 1,016 அடி, அகலமோ வெறும் 51 அடி. அதை ஒட்டி யூட்டா தெரு. வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் நடக்கும் வழியாக அதை விட்டு வைத்தார்கள். தெருவைத் தாண்டினால் ஸ்கோர்போர்டு பதித்த உயரமான சுவர். அதற்கும் கீழே, தெரு மட்டத்திலிருந்து சுமார் 16 அடி இறங்கி ஆடுகளம். கிடங்கையும் தெருவையும் இடிக்காமல் வைத்துக்கொண்டதால் பந்தை அடிக்கும் இடத்திலிருந்து சுவர் வரை போகும் வலப்பக்க எல்லைக் கோடு 318 அடியோடு நின்றது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சுவர் உயர்ந்தது. களம் இறங்கியதால் இத்தனை பெரிய கேலரி தெருவில் நிற்பவரை மிரட்டுவதில்லை. இதெல்லாம் வெளிமுகத்தை மட்டும் காட்டும் எலிவேஷனில் தெரியவே தெரியாது. பாதிக் கட்டுரையை அந்தப் படமே எழுதிவிட்டது.

வாய்மொழித் தேர்வான வைவாவில் ஒருவர் மூக்கைச் சுளித்தார். “பழசு மாதிரி வேஷம், உள்ளே பணக்காரர்களுக்கு சொகுசு அறைகள், அவ்வளவுதானே?” ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன், ஏனென்றால் அது உண்மை. அப்புறம் கட்டடக் கலைஞர்கள் முதலில் கொண்டுவந்த கான்கிரீட் வடிவத்தை ஓரியோல்ஸ் அணி திருப்பி அனுப்பியதையும், அணிக்காக மைதானத் திட்டத்தைக் கவனித்த ஜேனட் மேரி ஸ்மித் எஃகு டிரஸ்ஸுக்காகவும் (சட்டகம்) கிடங்குக்காகவும் நின்றதையும் சொன்னேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை.

பின்னால் வந்த மைதானங்களில் கேம்டனின் தாக்கம் பற்றிக் கேட்டால்:

- கிளீவ்லாண்ட், டென்வர் என்று ஊர்ப்பெயர் ஒப்பிக்காதீர்கள். இரண்டே போதும்.
- ஆர்லிங்டன், 1994: செங்கல் இருந்தது, சுற்றிலும் கார் நிறுத்துமிடம். ஊரே இல்லை. 2019 சீசனோடு அணி வெளியேறிவிட்டது.
- சான் டியாகோ, 2004: 1909இல் கட்டிய வெஸ்டர்ன் மெட்டல் கட்டடத்தின் மூலையே இடப்பக்க எல்லைக் கம்பம். என் கணக்கில் கேம்டனிடமிருந்து சரியாகப் பாடம் படித்தது இதுதான்.
- கென் கிரிஃபி ஜூனியர் 1993 ஹோம் ரன் டெர்பியில் (பந்தை எல்லைக்கு வெளியே அடிக்கும் போட்டி) பந்தைக் கிடங்கின் சுவரில் படும்படி அடித்த கதை ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

குரூப் ஸ்டடி எனக்கு ஆகாது, அதனால் உங்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து, அதே செக்‌ஷனைப் புத்தகம் பார்க்காமல் கை தானாகப் போகும் வரை வரையுங்கள். அளவுகளை மீட்டருக்கு மாற்ற வேண்டாம், அடியிலேயே இருக்கட்டும். சரி, ஓரத்தில் ஒரு மனித உருவம் போட மறக்காதீர்கள். 16 அடி எவ்வளவு ஆழம் என்று ஜூரிக்கு அதை வைத்துத்தான் புரியும்.