சார்ஜாவிலிருந்து தெகிவளைக்கு ஓர் ஆமை

ஆமையோடு வந்தோம் என்றதும் விமானத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். “மூச்சு முட்டாதா?” “கையிலயா வச்சுக்கிட்டு வந்தீங்க?” துபாயிலிருந்து கொழும்புக்கு நான்கரை மணி நேரம். இந்த இடமாற்றத்திலேயே எங்களுக்குக் கவலை குறைவாக இருந்தது அந்த நான்கரை மணி நேரத்தில்தான். பாடெல்லாம் அதற்கு முன்னால் தாள்களோடும், பின்னால் ஈரத்தோடும்.

எங்களுடையது சல்கேட்டா இனம். சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் வாழும் தரை ஆமை. வளைகுடாவில் நிறைய வீடுகளில் வளர்க்கிறார்கள். வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போவதும் அங்கே வழக்கம். குண்டன் எங்கள் மகள் கைக்கு வந்தது அப்படித்தான். வந்தபோது உள்ளங்கை அகலம், இப்போது நாலு கிலோ.

கொழும்பு மாற்றல் உறுதியானதும் சார்ஜாவில் ஒருவர், “வீட்டுச் சாமான் கணக்குல போட்டுடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க” என்றார். கேட்பார்கள். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சல்கேட்டா இருக்கிறது. சொந்த உடைமை என்று அந்த ஒப்பந்தம் தரும் சலுகையை, உயிருள்ள ஆமைக்கு நம்பிக் கிளம்ப முடியாது. உயிரோடு எல்லை தாண்ட வேண்டுமானால், புறப்படும் நாட்டின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். அதற்கு, காட்டில் பிடித்ததல்ல, பண்ணையில் பிறந்தது என்பதற்குத் தாள் வேண்டும். குண்டனை எங்களிடம் விட்டுப்போன குடும்பம் அதற்குள் கோழிக்கோடு போய்ச் சேர்ந்திருந்தது. பழைய ரசீதை அவர்கள் பரணிலிருந்து தேடி எடுத்து அனுப்பும்வரை எங்களுக்குத் தூக்கமில்லை.

இலங்கைப் பக்கம் வனவிலங்குத் திணைக்களம், விலங்குத் தனிமைப்படுத்தல் பிரிவு என்று இரண்டு வாசல். இரண்டும் சரி என்று எழுத்தில் வந்த பிறகுதான் சரக்குப் பிரிவில் இடம் பதிய வேண்டும். மாற்றிச் செய்தால் பணமும் போகும், ஆமையும் நடுவில் மாட்டும். என் வீட்டுக்காரர் முன்னாலேயே கொழும்பு வந்திருந்ததால் அந்த அலைச்சல் அவருக்கு. கொள்ளுப்பிட்டியில் 177 பேருந்து ஏறிப் பத்தரமுல்லை வனவிலங்கு அலுவலகம். பிறகு எங்கள் விசாவுக்கும் அதே பத்தரமுல்லைதான். குடிவரவுத் திணைக்களம் இருப்பதும் அங்கேயே.

திருநெல்வேலியிலிருந்து என் தம்பி வேறு யோசனை சொன்னான். “அதை அங்கயே குடுத்துட்டு வா. இங்க நட்சத்திர ஆமை புடிச்சுத் தாரேன்.” அவனுக்கு விளையாட்டு. நட்சத்திர ஆமையை 2019இல் இன்னும் கடுமையான சைட்டிஸ் முதல் பட்டியலுக்கே ஏற்றிவிட்டார்கள். இந்தியா, இலங்கை இரண்டிலும் அது சட்டப் பாதுகாப்பில் இருக்கும் உயிர். இரண்டு கரைக்கும் நடுவே அதைக் கடத்திப் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. அதனால்தான் குண்டனின் தாள்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, கேட்கிறவர்களுக்குக் காட்ட எப்போதும் வாசல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிக் கூடை வேண்டவே வேண்டாம். சல்கேட்டா முட்டித் தள்ளியே உடைத்துவிடும். தச்சரிடம் சொல்லி மரப்பெட்டி செய்தோம். பக்கங்களில் காற்றுத்துளை, உள்பக்கம் கம்பி வலை, திருகாணி போட்ட மூடி. இடம் தாராளமாக இருக்கட்டும் என்று பெரிதாகச் செய்யக்கூடாது. கவிழ்ந்து புரள இடமிருந்தால்தான் ஆபத்து. ஆமைக்கு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசை கிடையாது, நுரையீரல் முதுகு ஓட்டை ஒட்டியே இருக்கிறது. மல்லாந்து கிடந்தால் குடலும் ஈரலும் அதன்மேல் அழுத்தும். சுற்றிலும் செய்தித்தாளைக் கிழித்துத் திணித்தோம். உள்ளே இருட்டாக இருந்தால் அதுவே அடங்கிவிடும்.

முதல் நாளே தீனியை நிறுத்தியாயிற்று. கிளம்பும் மாலை, வாய் மூழ்காத அளவுக்கு வெதுவெதுப்பான நீரில் உட்கார வைத்தேன். கழுத்தை நீட்டி நிதானமாகக் குடித்தது. கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வெள்ளையாகக் கழித்தது. யூரேட் என்னும் சிறுநீர்க் கழிவு அது, பெட்டிக்குள் போகாமல் இங்கேயே போனது நல்லது. பெட்டிக்குள் தண்ணீரும் தீனியும் வைக்கவில்லை. சிந்தி ஈரமாகிக் குளிர்ந்தால் அதுதான் வினை. பள்ளி விடுமுறைக்குக் காத்திராமல் பிப்ரவரியில், அதுவும் இரவு விமானத்தில் வந்தோம். வளைகுடாக் கோடையில் 45 டிகிரி வெயிலில் பெட்டியை ஓடுதளத்தில் வைத்துவிட்டால் என்னாகும் என்று நினைக்கவே பயம்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் தாள் பார்த்து, ஆமையைப் பார்த்து விட்டார்கள். வேனில் பெட்டியைப் பின்னால் சாமான்களோடு போடாமல் கால்மாட்டில் வைத்துக்கொண்டேன்.

வீடு கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. வெள்ளவத்தையில் எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி. வளர்ந்தால் ஐம்பது கிலோ தொடக்கூடிய ஆமைக்கு பால்கனி எப்படிப் போதும்? கடைசியில் கொழும்பை அடுத்த தெகிவளையில், வளவு என்று இங்கே சொல்லும் சின்னத் தோட்டத்தோடு ஒரு கீழ்வீடு. ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்’ என்று அம்மா ஏற்கெனவே போனில் ஆரம்பித்திருந்தாள். வீட்டுக்கார ஆன்ட்டியும் பெட்டியைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். “ஆமை வீட்டுக்குக் கூடாது எண்டு சொல்லுவினம், பிள்ளை.” கொஞ்சம் யோசித்து, “வளவுக்குள்ள நிக்கட்டும். வாசப்படி தாண்ட விடாதேங்கோ.” இப்போது காலையில் செவ்வரத்தம்பூ (நம்ம செம்பருத்தி) பறித்து வந்து போடுகிறவரும் அவரேதான். வாசப்படி விஷயத்தில் மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

தீனிக்கு இங்கே குறையே இல்லை. சார்ஜாவில் காய்ந்த புல்லைக்கூடக் காசு கொடுத்து வாங்கினேன். இங்கே புல், செவ்வரத்தை இலை, அவ்வப்போது வல்லாரை. சுண்ணாம்புச் சத்துக்கு மீன்காரரிடம் கணவாய் ஓடு. ஆனால் மழை! ஏப்ரலில் மாலை மழை தொடங்கி, மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்ததும் வளவு முழுக்கச் சேறு. குண்டனின் உடம்பு வறண்ட மண்ணுக்கு அமைந்தது. வெப்பம் இருந்தால் ஈரக்காற்றைத் தாங்கும். நாள் முழுக்க நனைந்த தரையில் கிடந்தால் வயிற்றுப் பக்கத்து ஓடு அழுகும், குளிரும் சேர்ந்தால் சளி நெஞ்சில் இறங்கும். சிமென்டுத் திண்டு போட்டு, அதன்மேல் மரக்கூடு, தகரக் கூரை, மழை நாளில் சூடு தரும் விளக்கு. தினமும் சாயங்காலம் புரட்டாமல் சாய்த்துப் பிடித்து அடிவயிற்றைத் துடைத்து, முகர்ந்து பார்க்கிறேன். மூக்கில் குமிழி இருக்கிறதா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா என்று பார்ப்பது மகளின் வேலை.

அடுத்தது மதில். சல்கேட்டா வளை தோண்டும். பக்கத்து வளவுக்குள் எழுந்தால் அங்கே நாய் இருக்கிறது. போன வாரம் மேசன் பாஸ் (கொத்தனார்) வந்து அளந்தார். மண்ணுக்குக் கீழே கல் வைத்துக் கட்டச் சொன்னேன். இந்தச் சின்ன ஆமைக்கா என்று சிரித்தார். எவ்வளவு வளரும் என்று சொன்னதும், கணக்கை மாற்றிப் போட்டுத் தருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.