பூனையின் மூளைக்கு ஏறிய எஃப்.ஐ.பி.

காசிமேட்டில் எங்கள் வீட்டில் வளரும் ஒரு வயதுப் பூனைக்கு ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது; பிறகு நடை தள்ளாடி, கண்மணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத் தெரியவே, வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

பூனைகளிடையே மலம் வழியே பரவும் கொரோனா வைரஸ் பெரும்பாலும் லேசான வயிற்றுப்போக்கோடு நின்றுவிடுகிறது. சில பூனைகளில் மட்டும் அது உடலுக்குள்ளேயே உருமாறி, வெள்ளையணுக்களில் பெருகி, எஃப்.ஐ.பி. (Feline Infectious Peritonitis) என்னும் கொடிய நோயாகிறது. பலவற்றுக்கு வயிற்றில் நீர் கோக்கும். எங்கள் பூனைக்கு நீர் கோக்காமல் கண்ணையும் மூளையையும் தாக்கியிருந்தது. "நமக்கும் ஒட்டுமா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார், கோவிட் வைரஸ் வேறு, இது மனிதருக்குத் தொற்றாது.

ஒரே பரிசோதனையில் இதை உறுதிசெய்ய இயலாது என்பதுதான் எங்களை மிகவும் சோர்வடையச் செய்தது. வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடி இரத்தத்தில் இருந்தால், வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்தது என்று மட்டுமே பொருள். இரத்தத்தில் ஆல்புமின், குளோபுலின் என்ற புரதங்களின் விகிதம் 0.4க்குக் கீழே இருந்ததையும், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்று இல்லை என்பதையும், கண்ணின் அழற்சியையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவுக்கு வந்தார். எம்.ஆர்.ஐ. எடுக்க மயக்க மருந்து தர வேண்டும் என்பதால் அதைத் தவிர்த்து, சிகிச்சைக்கு உடல் தரும் பதிலையே சான்றாகக் கொள்ளலாம் என்றார். அந்த முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே, ஜி.எஸ்.-441524 என்ற மருந்தால் இந்நோயைக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கை பரவியது. வழக்கமான சிகிச்சை 84 நாள். மூளைக்குள் மருந்தின் ஒரு பகுதியே நுழைவதால், வயிற்றில் நீர் கோத்த பூனைக்குத் தரும் அளவு இங்கே போதாது. எடை கூடக்கூட அளவையும் கூட்ட வேண்டும் என்பதால் வாரந்தோறும் எடை பார்த்தோம். காய்ச்சல் விரைவிலேயே நின்றது. நடுவில் தள்ளாட்டம் மறுபடி தலைகாட்டியபோது, மருந்து கைவிட்டுவிட்டதோ என்று வீட்டில் அனைவரும் அஞ்சினோம். மருத்துவர் மருந்தை மாற்றாமல் அளவை மட்டும் உயர்த்தினார், நடை தேறியது. செலவு எங்கள் வருமானத்துக்கு மிகவும் அதிகம். நகை அடகுக்குப் போனது.

மருந்தை நிறுத்திய பின் இன்னும் 84 நாள் கண்காணிக்கச் சொன்னார்கள்; அதுவும் முடிந்துவிட்டது. குளோபுலின் இயல்புக்கு வந்திருக்கிறது. கண்மணிகளின் வேறுபாடு மட்டும் சிறிதளவு எஞ்சியுள்ளது.