கென்சிங்டன் மார்க்கெட் பக்கம்

டொராண்டோவுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது சி.என். டவரைத்தான். 553 மீட்டர், 1976இல் திறந்தது. சரி, ஏறிப் பாருங்கள். மேலேயிருந்து ஊர் தெரியும், ஊர்க்காரர்கள் தெரியமாட்டார்கள். வருகிறவர்களை நான் ஸ்பாடைனா தெருவின் டிராமில் ஏற்றிக் கென்சிங்டன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய்விடுவேன்.

1920களில் அது யூதர்களின் சந்தை. குடியிருந்த வீட்டின் முன்பக்கத்தையே கடையாக்கி வியாபாரம் பார்த்தார்கள். அவர்கள் வடக்கே நகர்ந்ததும் போர்த்துகீசியர், அப்புறம் கரீபியன்காரர்கள். இரட்டைக் கோபுரத்தோடு கீவர் யூதக் கோயில் இன்னும் பெல்வியூ சதுக்கத்தருகே நிற்கிறது. பழைய வீட்டுத் திண்ணைகளில் இப்போது பழைய கோட்டுகள் விற்பனைக்குத் தொங்குகின்றன. உள்ளே மசாலாக் கடை, சீஸ் கடை. 2006இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். நம்மாட்களின் கடைகளுக்கு நகரின் கிழக்கே ஸ்கார்பரோ போகவேண்டும், அது தனிப் பதிவு. தயவுசெய்து கென்சிங்டனுக்குக் காரில் மட்டும் வராதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது.