வெள்ளத்துக்குள் வந்த நத்தார்

எங்கள் வீட்டில் நத்தார் (கிறிஸ்மஸ்) கார்த்திகை மாதமே தொடங்கிவிடும். வெளியில் மாரி மழை ஊற்றிக்கொண்டிருக்க அம்மா விறாந்தையில் பலகையைப் போட்டு இருந்து கேக்குக்குப் பழம் வெட்டுவார். பிளம்ஸ், செறி, பூசினி அல்வா, இஞ்சிப்பாகு, கஜு எல்லாவற்றையும் பொடியாக வெட்டி, பிராண்டியும் தேனும் விட்டுப் பிரட்டி, போத்தலில் அடைத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்தப் போத்தல் பக்கம் யாரும் போகக்கூடாது. அண்ணாவின் பிள்ளைகள் கதிரை வைத்து ஏறிப் பார்ப்பதும் அம்மா குசினிக்குள் இருந்தபடியே சத்தம் போடுவதும் ஒவ்வொரு வருடமும் நடக்கும்.

நாங்கள் இருப்பது கிளிநொச்சி மாவட்டத்தில், கண்டாவளைப் பக்கம். எங்கள் ஒழுங்கையில் வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீடுகள் குறைவு, மற்ற எல்லாம் சைவ வீடுகள். ஆனால் டிசம்பர் வந்தால் அந்தப் பிரிவு எங்கே போகும் என்று தெரியாது. லான்ட்மாஸ்ரர் என்கிற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஜெனரேற்றரையும் ஏற்றிக்கொண்டு கரோல் பாட வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் சைவப் பிள்ளைகள்தான், நத்தார் பாப்பா வேடம் போடுகிற தம்பியும் பிள்ளையார் கோவில் திருவிழாவில் முன்னுக்கு நிற்கிற ஆள்தான். கரோல் சைவ வீட்டு வாசல்களிலும் நின்று பாடிவிட்டுத்தான் போக வேண்டும், நிற்காமல் போனால் அடுத்த நாள் கோபித்துக்கொள்வார்கள். தைப்பொங்கலுக்குப் பொங்கல் வரும், நத்தாருக்கு நாங்கள் கேக்கும் பயற்றம் பணியாரமும் முறுக்கும் கொக்கிசும் வைத்துத் தட்டம் கொண்டுபோவோம். இதை யாரும் ஒற்றுமை என்று பெயர் வைத்துச் செய்வதில்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் எப்படிச் சாப்பிடுவது, அவ்வளவுதான்.

2018ஆம் ஆண்டு நத்தாரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு உதவியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை, அதனால் இனியும் தள்ளிப்போட மனமில்லை.

இரணைமடுக் குளத்தின் புனரமைப்பு முடிந்து அந்த மாதம்தான் திறந்துவைத்திருந்தார்கள். முன்பு 34 அடி வரை தேங்கிய தண்ணீரை இனி 36 அடி வரை தேக்கலாம். காலபோக நெல் நன்றாக வந்திருந்ததில் எல்லாருக்கும் சந்தோசம். டிசம்பர் 21, வெள்ளிக்கிழமை. பின்னேரம் அப்பா கேக் தட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பரந்தனில் இருக்கிற பேக்கரிக்குப் போனார். எங்களிடம் கேக் வேகவைக்கிற 'அவன்' அடுப்பு கிடையாது, ஊரில் பலரிடமும் கிடையாது. பேக்கரியில் பாண் போட்டு எடுத்தபிறகு போறணையில் மிஞ்சியிருக்கிற சூட்டில் ஊராரின் கேக்கெல்லாம் வேகும். தட்டின் ஓரத்தில் பெயர் எழுதிய கடதாசித் துண்டை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த நாள் போய் எடுக்கலாம்.

அன்றிரவு மழை விடவே இல்லை. மேலே குளத்துப் பக்கம் இதைவிடப் பெரிய மழை. விடியப்புறம் கோழிகள் கத்துகிற சத்தத்தில் எழும்பி டோர்ச் அடித்துப் பார்த்தால் வளவு முழுக்கத் தண்ணீர். மழைத் தண்ணீர் இப்படி ஓடாது, இது இழுத்துக்கொண்டு ஓடியது. குளத்து வான் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். கனகராயன் ஆறு எங்கள் பக்கத்தால்தான் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் விறாந்தை, அப்புறம் அறை. அண்ணா பிள்ளைகள் இரண்டு பேரையும் தோளில் தூக்கிக்கொண்டார். நான் அடையாள அட்டைகளும் காணி உறுதியும் இருந்த பையை எடுத்தேன். இந்த மண்ணில் வளர்ந்த எல்லாருக்கும் அந்தப் பை எங்கே இருக்கும் என்று இருட்டிலும் தெரியும்.

முன்வீட்டு மாமியின் மகன் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒழுங்கை முனையில் நிறுத்தினார். அவர்கள் வீடு மேட்டில் இருக்கிறது, அவர்களுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் திரும்பத் திரும்ப இறங்கிக் கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் பெட்டியில் ஏற்றினார். கடைசியாக எங்கள் நாயையும் தூக்கிப் போட்டார். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் வகுப்பறைகள் வெறுமையாக இருந்தன, அங்கேதான் எல்லாரையும் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அம்மா முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு இது 2008ஐ நினைவுபடுத்தியிருக்கும். அந்த வருடம் நிஷா புயல் அடித்து ஓய்ந்த ஈரம் காயாமல், போரில் இடம்பெயர்ந்து இருந்த விசுவமடுவில் தறப்பாள் கூடாரத்துக்குள் எங்களுக்கு நத்தார் வந்தது. சீனியைக் கண்ணால் காண்பதே அரிது. பக்கத்துத் தறப்பாளில் இருந்த ஒரு அக்கா, தன் பிள்ளைக்கு என்று வைத்திருந்த சீனியில் ஒரு சுண்டு அள்ளி அம்மாவிடம் கொடுத்தார், கோதுமை மாவைக் குழைத்துப் பொரித்து அதில் பிரட்டித் தந்ததுதான் எங்கள் பலகாரம். அதற்குப் பிறகு போரில் நடந்தவை உங்களுக்குத் தெரியும். அந்த அக்கா இருக்கிறாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு நத்தாருக்கும் பூசையில் அம்மா அவருக்காக மன்றாடுவார்.

சரி, 2018க்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் சமைத்த சாப்பாடு கிடைத்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிவாரணம் கொண்டுவந்த சிலர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, பையை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். ஈரச் சட்டையோடு நிற்கிற வயதுக்கு வந்த பிள்ளைகளையும் விடவில்லை. யார் என்று எழுதப் போவதில்லை. ஆனால் இனி எங்கேயாவது கொடுக்கப் போகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்குக் கவலை வேறு. பாலன் குடில் இல்லாமல் நத்தார் எப்படி வரும் என்று கேட்டு அழுதார்கள். எங்கள் குடில் சிலைகள் இருந்த பெட்டி வெள்ளத்தோடு போய்விட்டது. அண்ணி இரண்டு மேசைகளைச் சேர்த்து வைத்து, மேலே பனையோலை கட்டி, வெள்ளம் கொண்டுவந்து போட்ட களிமண்ணைப் பிசைந்து பிள்ளைகளிடம் கொடுத்தார். சைவம், வேதம் என்றில்லாமல் அந்தக் கட்டிடத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் சுற்றி இருந்து ஆடும் மாடும் செய்தார்கள். ஒரு பொடியன் உழவு இயந்திரமும் செய்து வைத்தான், அதை எடுக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. குழந்தை யேசுவுக்குத்தான் ஒன்றும் சரிவரவில்லை. அப்போது ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒன்று, நெற்றியில் திருநீற்றோடு, வெள்ளத்துக்குள்ளும் விடாமல் தூக்கிக்கொண்டு வந்த தன் பிளாஸ்ரிக் பொம்மையைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு கண் மூடித் திறக்காது, தலைமயிர் பாதி இல்லை. அப்பா தன் லேஞ்சியைக் காயவைத்து அதைச் சுற்றிப் படுக்கவைத்தார். அவள் இரவு எழும்பி எழும்பி வந்து பொம்மைக்குக் குளிருதோ என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள்.

24ஆம் திகதி பின்னேரம் ஒரு மோட்டார் சைக்கிள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. பேக்கரிக்கார அண்ணை. முழங்கால் வரை சேறு. பின்னுக்குக் கட்டியிருந்த பிளாஸ்ரிக் கூடையை அவிழ்த்தார்.

"தங்கச்சி, உங்கட கேக். தண்ணி போறணைப் பக்கம் ஏறேல்ல. நீங்கள் எங்க இருக்கிறியள் எண்டு கேட்டுக் கேட்டு வாறன்."

எங்களுடையது மட்டும் இல்லை. வெள்ளம் வந்த ஊர்களில் இருந்து கொடுத்த எல்லாத் தட்டுகளையும் கடதாசியில் இருந்த பெயரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகாமாகத் தேடிக் கொடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அதுவும் ஊருக்குப் பாண் போட்டுக் கொடுக்க இரவிரவாக நின்ற உடம்போடு. அப்பா கேக் வேகவைத்த கூலியை நீட்ட, "இப்ப இதோ பிரச்சினை?" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அம்மா அப்போதுதான் அழுதார், மூன்று நாளில் முதல் தடவையாக.

கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினோம். விரல் நுனி அளவுதான் வந்தது, ஆனால் அந்தக் கட்டிடத்தில் இருந்த எல்லாருக்கும் கிடைத்தது. இரவு நடுச்சாமப் பூசைக்கு மாமியின் மகன்தான் பெட்டியைப் பூட்டிக்கொண்டு வந்து எங்களை ஏற்றிப்போனார், பூசை முடியும்வரை வெளியில் காத்திருந்தார், டீசல் காசு வாங்கவில்லை. விடிய மாமி வந்தார், தலையில் பெரிய தட்டம். முறுக்கு, வடை, ரவைக் கேக், கதலி வாழைப்பழம். அம்மா வாங்கத் தயங்கினார், நாங்கள் கொண்டுபோக வேண்டிய நாளில் இவர் கொண்டுவந்து நிற்கிறாரே என்று.

"இந்தமுறை நீங்கள் தரேலாது எண்டா நாங்கள் தரக்கூடாதோ? பிடி பிள்ளை" என்றார் மாமி. மூன்று வருடத்துக்கு முன் அவர் காலமானார்.

வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான வேலை. சேறு கணுக்காலுக்கு மேலே. அநுராதபுரத்தில் இருந்து சிங்களப் பொடியன்கள் கொஞ்சப் பேர் லொறியில் வந்தார்கள். தண்ணீர்ப் போத்தலோடு விளக்குமாறு, வாளி, பிளீச்சிங் பவுடர், பெண்களுக்குத் தேவையான சாமான், நுளம்புச் சுருள் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள், அதைப் பார்த்தபோதே தெரிந்தது வெள்ளம் கண்ட வீட்டுக்காரர்கள் இவர்கள் என்று. பேச மொழி கொஞ்சம்தான் இருந்தது. சேறு வழிக்க மொழி தேவைப்படவில்லை, மத்தியானத்துக்குள் எங்கள் குசினியின் நிலம் தெரிந்தது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி கிணறு. வெள்ளம் போன பிறகு கிணற்றுத் தண்ணீர் குடிக்கவும் முடியாது, குளிக்கவும் முடியாது. யாழ்ப்பாணத்தில் இருந்து தோட்டக்காரர்கள் சிலர் பட்டா என்கிற சின்ன லொறியில் மண்ணெண்ணெய் பம்ப்களை ஏற்றிக்கொண்டு வந்து வீடு வீடாக இறைத்துக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஐயா வயதானவர். அண்ணா அவசரத்தில் ஒரேயடியாக இறைத்துவிடுவோம் என்று சொல்ல அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, சுத்துமண் ஊறிப்போய்க் கிடக்கு. உள்ளுக்க வெறுமையாக்கினா கட்டு இடிஞ்சு விழும்." கொஞ்சம் இறைப்பார், நிறுத்துவார், எட்டிப் பார்த்துக் கட்டு அசைகிறதா என்று கவனிப்பார், பிறகு மறுபடி. செத்த கோழியும் பாம்பும் வந்தன. கடைசியில் குளோரின் கரைத்து ஊற்றி, நாளைக்கு வரைக்கும் தொடாதேங்கோ என்று சொல்லிவிட்டுப் போனவர் சொன்னபடி அடுத்த நாளும் வந்து இன்னொரு தடவை இறைத்து, கையில் ஏந்தி மணந்து பார்த்துவிட்டுத்தான் போனார். நாங்கள் கொடுக்க இருந்தது வெறும் தேத்தண்ணீர்தான். அதைக் குடித்தார், ஊர் பெயரைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஐயாவைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் எங்கள் ஒழுங்கைக்காரர் எல்லாரும் காசு சேர்த்து ஒரு பம்ப் வாங்கினோம். இந்த வருடமும் அம்மா பழம் வெட்டிவிட்டார், முதல் தட்டம் பேக்கரிக்கு, இரண்டாவது மாமி வீட்டுக்கு. பம்ப் மாமி வீட்டுக் கொட்டிலில்தான் நிற்கிறது. திறப்பு அவருடைய மருமகளிடம் இருக்கிறது. கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கம் யாருக்காவது மாரி முடியக் கிணறு இறைக்க வேண்டுமென்றால் வந்து கேளுங்கள், வாடகை இல்லை, மண்ணெண்ணெய் மட்டும் கொண்டுவந்தால் போதும். அதுவும் இல்லாவிட்டால் பரவாயில்லை, வாருங்கள்.