ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி

செக் திரும்பி, வழக்குப் போட்டு, தான் இல்லாமலே தீர்ப்பும் ஆகிவிட்டது என்று கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு, சட்டத்தரணியான என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கடனில் இருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். சரக்கு எப்படி வந்தது, எவ்வளவு திரும்பிப் போனது, செக்கை வங்கியில் போடமாட்டேன் என்று அந்த முதலாளி எப்படிச் சொன்னார் என்றெல்லாம் சொல்வார்கள். நான் குறுக்கிடாமல் கேட்பேன். ஆனால் என் கண் அவர்கள் கையில் இருக்கும் கடதாசியில்தான் இருக்கும். அந்தத் தீர்ப்பாணை எந்தத் திகதியில் கைக்கு வந்தது?

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 86(2) ஆம் பிரிவு கொடுப்பது 14 நாட்கள். தீர்ப்பாணை சேர்ப்பிக்கப்பட்டதில் இருந்து அந்த நாட்களுக்குள் மனுவும் சத்தியக்கடதாசியும் போட்டாக வேண்டும். அப்போது மன்று கேட்பது, வராமல் போனதற்கு நியாயமான காரணம் இருந்ததா என்று மட்டும்தான். கடன் உண்மையா பொய்யா என்பது அந்தக் கட்டத்துக்கு உரிய பேச்சே இல்லை. நாள் தாண்டிவிட்டால், நீதிபதிக்கு இரக்கம் வந்தாலும் அந்தப் பிரிவின் கீழ் செய்ய ஒன்றுமில்லை. எதிராளி இல்லாமலே கொடுத்த ஒருதலைப்பட்சத் தீர்ப்புக்கு எதிராக நேரே மேன்முறையீட்டுக்குப் போகவும் முடியாது. முதலில் இந்த விசாரணை. அதில் வரும் கட்டளைக்குத்தான் மேன்முறையீடு.

ஆளை அடையாளம் காட்டாமல் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். புறக்கோட்டை மொத்தக் கடையில் துணி எடுத்துச் சில்லறைக்கு விற்றவர். எடுக்கும் சரக்குக்குப் பின்திகதியிட்ட செக் கொடுப்பது அங்கே காலங்காலமான வழக்கம். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது, ஏறக்குறைய 200 ரூபாவில் நின்ற டொலர் சில வாரங்களிலேயே 300ஐத் தாண்டியது. துணி விலை ஏறியது, வாங்க ஆள் இல்லை. இவருடைய செக்குகள் திரும்பின. வெள்ளவத்தை வாடகை வீட்டை விட்டுக் குடும்பத்தோடு கொட்டாஞ்சேனைக்குப் போய், அங்கே சின்னதாக ஒரு கடை போட்டார். அழைப்பாணை பழைய வீட்டுக்குப் போனது. பதிவுத் தபால் திரும்பி வர, மன்றின் ஆணைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அலுவலரான பிஸ்கால் போய்க் கதவில் ஒட்டிவிட்டு அறிக்கை கொடுத்தார். அழைத்த நாளில் ஆள் இல்லை. வழக்காளியின் பக்கத்தை மட்டும் கேட்ட ஒருதலைப்பட்ச விளக்கம், தீர்ப்பு.

தீர்ப்பாணை மட்டும் கொட்டாஞ்சேனைக் கடைக்கே வந்து சேர்ந்தது. அவர் அதை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. யாரிடமாவது வாசிக்கக் கொடுத்தால் விஷயம் வெளியே போகுமே என்ற வெட்கம் வேறு. "மிஸ், நான் காசு தரமாட்டன் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை" என்று முதல் நாளே திரும்பத் திரும்பச் சொன்னார். நாட்களை எண்ணிப் பார்த்தோம். மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. அன்றைக்கே, அவருக்காக நாங்கள் வழக்காட அதிகாரம் தரும் புறொக்சியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பதிவறைக்கு ஓடினோம்.

இந்த வெட்கத்தைப் பற்றி எனக்கு ஆதங்கம் உண்டு. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை வழக்காடுகிறவருக்குத் தமிழில் மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அந்த உரிமையைக் கேட்க ஆள் முதலில் மன்றுக்கு வந்தாக வேண்டுமே. லாச்சிக்குள் கிடக்கும் கடதாசிக்கு அது உதவாது. '14 நாட்களுக்குள் வாருங்கள்' என்று தமிழில் இரண்டு வரி தீர்ப்பாணையோடு இணைத்து அனுப்பினால் எத்தனையோ பேர் தப்புவார்கள் என்று நான் நம்புகிறேன்.

வழக்கேட்டைப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. தீர்ப்பாணையைச் சேர்ப்பிக்கப் போன பிஸ்காலுக்குக் கொட்டாஞ்சேனைக் கடையைக் காட்டிக் கொடுத்தது வழக்காளியான மொத்தக் கடைக்காரரின் ஆள் என்று அறிக்கையிலேயே இருந்தது. அப்படியானால் புது இடம் அவர்களுக்குத் தெரியும். எப்போதிருந்து தெரியும் என்பதைச் சுற்றித்தான் விசாரணை முழுவதும் நடந்தது. வெள்ளவத்தை வீட்டுக்காரர் வந்து, அழைப்பாணை ஒட்டிய நாளில் அங்கே வேறு குடித்தனம் இருந்தது என்று சாட்சி சொன்னார். கிராம அலுவலர் சான்றிதழையும் புதுக் கடையின் வணிகப் பதிவையும் கொடுத்தோம். எங்கள் ஆளைக் குறுக்கு விசாரணை செய்தபோது, "செக்கில் இருப்பது உங்கள் கையெழுத்துத்தானே?" என்று கேட்டார்கள். "ஓம்" என்றார். நல்லது. மறுத்திருந்தால் அவர் சொன்ன மற்றதையும் யார் நம்புவார்கள்?

வழக்காளியைப் பொய்யர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் மேலே இறக்குமதியாளருக்குக் கொடுக்க வேண்டிய காசு இருந்தது. அவர் சாதாரண வழக்காகப் போட்டது எங்களுக்கு வசதியாகப் போனது. செக்கை வைத்துச் சுருக்க நடைமுறையில், 703 ஆம் பிரிவின் கீழ் போட்டிருந்தால் எதிர்வாதம் செய்வதற்கே மன்றின் அனுமதி வாங்க வேண்டும்; தீர்ப்பாணைக்குப் பிறகு அதை நீக்க 707 ஆம் பிரிவு விசேட சூழ்நிலைகளைக் கேட்கும். அப்புறம் நீதவான் நீதிமன்றம் இருக்கிறது. 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, காசு இல்லையென்று தெரிந்தே செக் கொடுப்பது குற்றம். இந்தக் குற்ற வழக்கையும் காசுக்கான குடியியல் வழக்கையும் ஒன்றென்று நினைத்து, பொலிசுக்குப் போய் ஒரு வாக்குமூலம் கொடுத்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

வழக்குச் செலவைக் கட்டச் சொல்லித் தீர்ப்பு நீக்கப்பட்டது. எங்கள் எதிர்வாதத்தை மறுமொழியாகப் போட்டோம். திருப்பிக் கொடுத்த சரக்கின் பற்றுச்சீட்டுகளை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அவை மேசைக்கு வந்த பிறகு, மொத்தக் கடைக்காரரே அந்தத் தொகையைக் கழிக்கச் சம்மதித்தார். மிச்சத்தை மாதத் தவணையில் கட்டுவதாக இணக்கம் பதிவானது. தவணை தவறினால் நேரே, சொத்தைக் கைப்பற்றி அறவிடும் எழுத்தாணை எடுக்கலாம் என்றும் ஒரு நிபந்தனை. கையெழுத்து வைக்க முன், அந்த வரியை மொழிபெயர்ப்பாளரிடம் இன்னொரு தடவை தமிழில் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, தவணைத் திகதியை மாதத் தொடக்கத்தில் வைக்காமல் பத்தாம் திகதிக்கு மாற்றித் தரும்படி கேட்டார். மொத்தக் கடைக்காரர் சரி என்றார்.